எஸ்டிஎன் நெட்வொர்க்க எவ்ளோ நம்பலாம்னு அளந்து பாக்குறது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறுசேரி, தரமணி, அந்தப் பக்கம் அம்பத்தூர்னு சென்னைல எந்த டேட்டா சென்டர்ல நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்தாலும் ஒரு கேள்வி சீக்கிரமே வந்து நிக்கும், "நம்ம எஸ்டிஎன் அவைலபிலிட்டி எவ்ளோ?". எஸ்டிஎன்னா சாஃப்ட்வேர் டிஃபைன்ட் நெட்வொர்க்கிங், நெட்வொர்க்க ஒரு சாஃப்ட்வேர் வெச்சு கட்டுப்படுத்துற முறை, அந்த சாஃப்ட்வேருக்குப் பேருதான் கன்ட்ரோலர். புதுசா வந்தவங்க நேரா டாஷ்போர்ட தொறந்து, கன்ட்ரோலர் அப்டைம் என்ன போட்டிருக்கோ அதப் பாத்து 99.99னு சொல்லிடுவாங்க. அந்த நம்பர் பொய்யில்ல, ஆனா அது கன்ட்ரோலர் சர்வர் எவ்ளோ நேரம் ஓடுச்சுன்னு மட்டும்தான் சொல்லுது, அண்ணா நகர் பிராஞ்ச்ல உக்காந்திருக்கறவரோட பேக்கெட் போய்ச் சேந்துச்சான்றதப் பத்தி அதுக்கு ஒண்ணுமே தெரியாது. எஸ்டிஎன்ல இந்த ரெண்டும் தனித்தனி விஷயம், அத தனித்தனியா எப்படி அளக்கறதுன்னுதான் இங்க எழுதுறேன். ஸ்விட்ச், ரவுட்டிங் பத்தி கொஞ்சம் தெரிஞ்சிருந்தா போதும், பெரிய கணக்கெல்லாம் வராது.

முதல்ல அடிப்படைய சுருக்கமா பாத்துடலாம். பழைய நெட்வொர்க்ல ஒவ்வொரு ரவுட்டரும் தானே யோசிச்சு தானே பேக்கெட்ட அனுப்பும். எஸ்டிஎன்ல யோசிக்கிற வேலைய வெளிய எடுத்து கன்ட்ரோலர்கிட்ட கொடுத்துட்டோம், அதான் கன்ட்ரோல் பிளேன், ஸ்விட்ச்கிட்ட இருக்கறது பேக்கெட் தள்ளுற வேலை மட்டும், அது டேட்டா பிளேன். 2008ல ஸ்டான்ஃபோர்ட் ஆளுங்க கன்ட்ரோலரும் ஸ்விட்ச்சும் பேசிக்கிற ஓபன்ஃப்ளோன்ற முறை பத்தி எழுதுனதுல இருந்து இந்தப் பேச்சு சூடு புடிச்சுது, அப்புறம் ஓபன்டேலைட், ஓனோஸ், ரியூன்னு கன்ட்ரோலருங்க வரிசையா வந்துச்சு.

நம்ம ஊரு பஸ்ஸ நெனச்சுக்கோங்க. ஓட்டுறது டிரைவர், விசில் அடிக்கிறது கண்டக்டர். ரெண்டு ஸ்டாப்புக்கு நடுவுல கண்டக்டர் மயங்கி விழுந்தாலும் பஸ் பாட்டுக்கு ஓடிட்டேதான் இருக்கும், ஆனா அடுத்த ஸ்டாப்ல நின்னா விசில் வராம கெளம்பாது. கன்ட்ரோலர் செத்த எஸ்டிஎன் அப்படித்தான் நடந்துக்கும். ஏற்கனவே ஸ்விட்ச்ல எழுதி வெச்ச ஃப்ளோ ஓடும், புதுசா ஒரு ஃப்ளோ வந்தா நிக்கும். ஃப்ளோன்னா ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போற பேக்கெட் வரிசை, அதுக்காக ஸ்விட்ச்ல எழுதுற விதியையும் ஃப்ளோன்னுதான் சொல்லுவோம். இத மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா இனிமே வர்றது எல்லாம் சுலபமா புரியும்.

அவைலபிலிட்டி வேற, ரிலையபிலிட்டி வேற

இந்த ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சு ரிப்போர்ட் எழுதுறவங்க நெறைய பேரு. ஒரு லிங்க் மணிக்கு ஒரு தடவ 2 செகண்ட் விழுந்து எழுந்திருக்குன்னு வெச்சுக்கோங்க. 3600ல 2, அவைலபிலிட்டி கிட்டத்தட்ட 99.944 சதவீதம். இன்னொரு லிங்க் வருஷம் பூரா கல்லு மாதிரி நின்னுட்டு ஒரே ஒரு நாள் எட்டே முக்கால் மணி நேரம் போயிடுச்சு, அதோட அவைலபிலிட்டி 99.9. நம்பர பாத்தா மொத லிங்க்தான் ஒசத்தி, ஆனா அதுல வாய்ஸ் கால் பேசுறவர் மணிக்கு ஒரு தடவ ஹலோ ஹலோன்னு கத்துவாரு, யுபிஐ பேமென்ட் பாதில தொங்கும். எவ்ளோ நேரம் உயிரோட இருக்குன்றது அவைலபிலிட்டி, எவ்ளோ நாள் விழாம தாங்குதுன்றது ரிலையபிலிட்டி, ரெண்டு நம்பரையும் பக்கத்துல பக்கத்துல எழுதணும், ஒண்ண மட்டும் கேட்டாலும் ரெண்டையும் கொடுங்க.

ஃபார்முலா ஒண்ணுதான். ரெண்டு ஃபெயிலியருக்கு நடுவுல சராசரியா ஓடுற நேரம் எம்டிபிஎஃப், சரி பண்ண ஆகுற சராசரி நேரம் எம்டிடிஆர். எம்டிபிஎஃப்ப எம்டிபிஎஃப் பிளஸ் எம்டிடிஆரால வகுத்தா அவைலபிலிட்டி. 99.9 சதவீதம்னா வருஷத்துக்கு 8.76 மணி நேரம் போகலாம், 99.99னா 52 நிமிஷம் சொச்சம், 99.999னா அஞ்சே கால் நிமிஷம். இந்த மூணையும் மனப்பாடமே பண்ணி வெச்சுக்கோங்க, மீட்டிங்ல யாராவது அஞ்சு ஒம்பதுன்னு வாய் கூசாம சொல்லும்போது, ஒரு ஸ்விட்ச் ரீபூட் ஆகுறதுக்கே அஞ்சு நிமிஷம் ஆகுதேன்னு உடனே கேக்கலாம்.

முதல் படி: "அப்"னா என்னன்னு எழுதி வைங்க

எதையும் அளக்கறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல மூணு கேள்விய எழுதுங்க. ஒண்ணு, ஏற்கனவே ஓடிட்டிருக்க டிராஃபிக் ஓடுதா. ரெண்டு, புதுசா ஒரு கனெக்‌ஷன் வந்தா போகுதா. மூணு, இப்போ ஒரு லிங்க் அறுந்தா வேற வழில திருப்ப முடியுமா, ஒரு பாலிசி மாத்தணும்னா மாத்த முடியுமா. கன்ட்ரோலர் போன நேரத்துல முதல் கேள்விக்கு ஆமாம், மூணாவதுக்கு இல்ல, ரெண்டாவதுக்கு பதில் உங்க டிசைனப் பொறுத்தது. ஃப்ளோ எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதி வெக்கிற ப்ரோஆக்டிவ் முறைன்னா புது கனெக்‌ஷனும் போகும், ஒவ்வொரு புது ஃப்ளோவுக்கும் கன்ட்ரோலர கேக்குற ரியாக்டிவ் முறைன்னா போகாது. ரியாக்டிவ்ல இன்னொரு சிக்கலும் இருக்கு, எழுதுன ஃப்ளோவுக்கு டைம்அவுட் இருக்கும். ஓனோஸோட ரியாக்டிவ் ஃபார்வர்டிங் ஆப்ல அது டீஃபால்ட்டா 10 செகண்ட்தான், ஒரு கனெக்‌ஷன் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா ஃப்ளோ அழிஞ்சிடும், அடுத்த பேக்கெட் வரும்போது அது புது ஃப்ளோ ஆயிடும். அப்போ கன்ட்ரோலர் செத்திருந்தா, பழைய கனெக்‌ஷன்னு நீங்க நெனச்சிட்டிருந்ததும் நின்னுடும்.

அதனால ஒரே நம்பர் போதாது, மூணு நம்பர் வேணும். கன்ட்ரோலர் 20 நிமிஷம் போயிடுச்சுன்னா ப்ரோஆக்டிவ் நெட்வொர்க்ல யூசருக்கு ஒரு நிமிஷம்கூட டவுன்டைம் இருக்காது, ரியாக்டிவ்ல முழு 20 நிமிஷமும் கணக்குல வரும். டாஷ்போர்ட் ரெண்டுக்கும் ஒரே நம்பரத்தான் காட்டும்.

ரெண்டாவது படி: எது எத நம்பி நிக்குதுன்னு படம் போடுங்க

இதுக்கு டூல் எதுவும் வேணாம், ஏ3 பேப்பர் போதும். ஸ்விட்ச், அதுக்குள்ள ஓடுற ஓஎஸ், பவர் சப்ளை, ஃபைபர், கன்ட்ரோலர் மெஷின், கன்ட்ரோலர் மேல ஓடுற ஆப், ஸ்விட்ச்சுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல இருக்க சேனல், எல்லாம் வரணும். அப்புறம் யாரும் படத்துல போடாத சமாச்சாரங்கள தேடுங்க. ஸ்விட்ச்சும் கன்ட்ரோலரும் ஒண்ண ஒண்ணு அடையாளம் கண்டு பாதுகாப்பா பேசுறதுக்கான டிஎல்எஸ் சர்டிஃபிகேட் எப்போ காலாவதி ஆகுது, ஒரே நாள்ல எல்லா ஸ்விட்ச் சர்டிஃபிகேட்டும் காலாவதி ஆனா எல்லாம் ஒண்ணா கன்ட்ரோலர விட்டுப் பிரிஞ்சுடும். கடிகாரத்த ஒத்து வெக்கிற என்டிபி எங்க இருக்கு, பேர ஐபி முகவரியா மாத்துற டிஎன்எஸ் எங்க இருக்கு. கிளஸ்டரா சேந்து ஓடுற மூணு கன்ட்ரோலர் மெஷினும், அதாவது மூணு நோடும், விஎம்மா (வர்ச்சுவல் மெஷினா) ஒரே ஃபிசிக்கல் சர்வர்ல உக்காந்திருக்கா, அப்படின்னா அது மூணு இல்ல, ஒண்ணுதான்.

முக்கியமா கன்ட்ரோல் சேனல் தனி வயர்ல போகுதா, இல்ல டேட்டா போற அதே லிங்க்ல இன்பேண்டா போகுதான்னு பாருங்க. இன்பேண்ட்ல ஒரு வட்டமான சிக்கல் இருக்கு, லிங்க் அறுந்தா புது வழிய கன்ட்ரோலர்தான் சொல்லணும், ஆனா கன்ட்ரோலர்கிட்ட போற வழியே அந்த லிங்க்லதான் இருந்துச்சு. தனி மேனேஜ்மென்ட் நெட்வொர்க்னா செலவு அதிகம், ஆனா அந்த மேனேஜ்மென்ட் ஸ்விட்ச் ஒண்ணே ஒண்ணு இருந்தா படத்துல அதுவும் ஒரு ஒத்தப் புள்ளி, சிவப்புல வட்டம் போடுங்க.

ஃபைபர் விஷயத்துல சென்னைல இருக்கறவங்க ரொம்பவே கவனமா இருக்கணும். துரைப்பாக்கம் பக்கம் ஒரு ஆபீஸ்ல ரெண்டு வேற வேற ஐஎஸ்பி, ரெண்டு தனித்தனி பில், பேப்பர்ல பாத்தா அருமையான ரிடன்டன்சி. ரோட்டுல ஜேசிபி வந்து ஒரு இடத்துல தோண்டுச்சு, ரெண்டு லிங்க்கும் ஒரே நிமிஷத்துல போச்சு, ஏன்னா ரெண்டு கேபிளும் அந்த இடத்துல ஒரே டக்ட்ல பக்கத்துல பக்கத்துலதான் போயிருக்கு. எந்த கன்ட்ரோலர் என்ன புத்திசாலித்தனமா வேற வழி கணக்கு போட்டாலும் வேற வழியே இல்லாத இடத்துல ஒண்ணும் பண்ண முடியாது. ஐஎஸ்பிகிட்ட ரூட் மேப் கேளுங்க, கொடுக்கலேன்னா எழுத்துல கேளுங்க, பில்டிங்குக்குள்ள ரெண்டும் வேற வேற பக்கத்துல இருந்து நுழையுதான்னு நீங்களே கீழ எறங்கிப் போய் பாத்துட்டு வாங்க.

மூணாவது படி: கணக்கு

வரிசையா இருக்கறத பெருக்கணும். ஒரு ஆக்சஸ் ஸ்விட்ச் 99.95, ஒரு ஃபைபர் 99.9, ஒரு கோர் ஸ்விட்ச் 99.99னு வெச்சா, மூணையும் பெருக்கி வர்றது 99.84, வருஷத்துக்கு சுமார் 14 மணி நேரம் டவுன். ஒவ்வொண்ணும் தனியா பாத்தா நல்லாத்தான் இருக்கு, சேர்ந்தா ஒரு முழுப் பகலுக்கு மேல போயிடுது.

இப்போ ரெண்டாவது ஃபைபர் போடுங்க. பேரலல்ல இருக்கறதுக்கு டவுன் ஆகுற வாய்ப்பத்தான் பெருக்கணும், 0.001 இன்டு 0.001, ஃபைபர் ஜோடி 99.9999 ஆயிடும். மொத்தக் கணக்கு 99.94க்கு ஏறும், வருஷத்துக்கு அஞ்சே கால் மணி நேரம். இங்க ஒண்ணு கவனிங்க, இதுக்கு மேல மூணாவது ஃபைபர் போட்டாலும் பிரயோஜனம் இல்ல, மிச்சம் இருக்க அஞ்சு மணி நேரத்துல பெரும்பங்கு அந்த ஒத்த ஆக்சஸ் ஸ்விட்சோடது. காச எங்க போடணும்னு இந்தக் கணக்கு சொல்லிடும், அதுக்காகத்தான் கணக்கே போடுறோம்.

ஆனா அந்த 99.9999அ அப்படியே நம்பிடாதீங்க. துரைப்பாக்கம் கதை மாதிரி, ஃபைபர் போற பத்துல ஒரு தடவ ரெண்டும் ஒண்ணாப் போகுதுன்னு வெச்சுப் பாருங்க, அந்தப் பொதுவான பங்கு மட்டுமே 0.0001, நாம கணக்குப் போட்ட 0.000001ஐ விட நூறு மடங்கு. பொதுக் காரணம் ஒண்ணு நுழைஞ்சுட்டா பெருக்கல் கணக்கோட அழகு எல்லாம் அங்கயே முடிஞ்சுது.

கன்ட்ரோலர் கிளஸ்டருக்கும் இதே கதைதான், கூடவே கோரம்னு ஒண்ணு இருக்கு. ஓனோஸ் தகவல் சேத்து வெக்கிறது அடோமிக்ஸ்ல, அதுக்குள்ள எல்லா நோடும் ஒரே முடிவுக்கு வர்றதுக்கான ராஃப்ட்ன்ற முறை, ராஃப்ட்டுக்குப் பெரும்பான்மை நோடு உயிரோட இருக்கணும், அதான் கோரம். 3 நோடுல 1 போகலாம், 5ல 2 போகலாம். ஒரு நோடு 99.9னா மூணுல ரெண்டு உயிரோட இருக்க வாய்ப்பு 99.9997, வருஷத்துக்கு ஒண்ணரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. செலவக் கொறைக்கறேன்னு ரெண்டு நோடு கிளஸ்டர் போட்டா என்ன ஆகும்? ரெண்டுல பெரும்பான்மைன்னா ரெண்டுமே வேணும், 99.8 ஆயிடும், வருஷத்துக்கு பதினேழரை மணி நேரம், அதாவது ஒத்த நோட விட மோசம். இத கைல கணக்கு போட்டுக் காட்டாம யாரும் நம்ப மாட்டாங்க, போட்டே காட்டுங்க. ஓனோஸ் 1.14ல இருந்து அடோமிக்ஸ் கிளஸ்டர தனியா ஓட்டுற அமைப்பு வந்துடுச்சு, அதனால ஓனோஸ் நோடு எத்தன, அடோமிக்ஸ் நோடு எத்தனன்னு படத்துல தனித்தனியா போடணும்.

அந்த மூணு நோடும் ஓடுறது ஒரே வெர்ஷன் சாஃப்ட்வேர், ஒரே கான்ஃபிக். ஒரு பக் ஒரு நோட கவுக்குதுன்னா லீடர் வேலை அடுத்த நோடுக்குப் போகும், அதே மெசேஜ் அங்கயும் போகும், அதுவும் கவுரும். பத்துல ஒரு ஃபெயிலியர் இப்படி மொத்தமா கவுக்குற ரகம்னா ஒண்ணரை நிமிஷம்னு போட்ட கணக்கு 50 நிமிஷத்தத் தாண்டிடும். எஸ்டிஎன்ல ஹார்ட்வேர விட சாஃப்ட்வேரும் மனுஷங்க கையும்தான் கணக்க நிர்ணயிக்குதுன்னு நான் அழுத்திச் சொல்றது இதனாலதான்.

நான் சொல்றத விடுங்க, கூகுள் இன்ஜினியருங்க தங்களோட நெட்வொர்க்ல நடந்த நூத்துக்கும் மேல பெரிய ஃபெயிலியருங்கள ஆராய்ஞ்சு 2016ல சிக்காம்ன்ற நெட்வொர்க் ஆராய்ச்சி மாநாட்டுல வெளியிட்டாங்க, அதுல பெரும்பகுதி நெட்வொர்க்ல ஏதாவது ஒரு மேனேஜ்மென்ட் வேலை நடந்துட்டிருந்த நேரத்துல வந்ததுதான். மூணு வருஷம் கழிச்சு 2019 ஜூன் 2ஆம் தேதி அதுக்கு ஒரு பெரிய உதாரணமே நடந்துச்சு. ஒரு மெயின்டனன்ஸ் ஆட்டோமேஷன் பல இடத்துல இருந்த நெட்வொர்க் கன்ட்ரோல் பிளேன் ஜாப்ஸ ஒரே நேரத்துல நிறுத்திடுச்சு. டேட்டா பிளேன் கொஞ்ச நேரம் பழைய ஃப்ளோவோடயே ஓடுச்சு, அதுக்கு ஃபெயில் ஸ்டாட்டிக்னு பேரு, அந்தக் கெடு முடிஞ்சதும் பிஜிபி ரவுட்ஸ் (மத்த இடங்களுக்கு அறிவிச்சிருந்த வழிங்க) வாபஸ் ஆகி கெபாசிட்டி சுருங்கிடுச்சு. அமெரிக்கால பல ரீஜன்ல நாலு மணி நேரத்துக்கு மேல வரைக்கும் பேக்கெட் லாஸ். கன்ட்ரோலர் இல்லாம எவ்ளோ நேரம் ஓடும்ன்ற கேள்வி எவ்ளோ பெருசுன்னு இதுல தெரியும். உங்க நெட்வொர்க்குக்கு அந்த நேரம் எவ்ளோன்னு அளந்து, ரிப்போர்ட்ல தனி வரியா போடுங்க.

மார்கோவ் மாடல், ஃபால்ட் ட்ரீ, பெட்ரி நெட்னு இதுக்கு மேலயும் கருவிங்க இருக்கு. ப்ரிசம், மோபியஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல போட்டுப் பாக்கலாம். ஆரம்பத்துல ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும், ஒவ்வொரு நம்பரையும் பத்து மடங்கு மோசமாக்கிப் பாத்து மொத்தத்துல எது அதிகமா அசையுதோ அதக் குறிச்சுக்கோங்க, லேப்ல மொதல்ல சோதிக்க வேண்டியது அதத்தான்.

நாலாவது படி: லேப்ல நீங்களே ஒடைச்சுப் பாருங்க

இதுதான் எனக்கு ரொம்பப் புடிச்ச பகுதி, நேரம் இதுக்குத்தான் ஒதுக்கணும். லேப்டாப்ல ஒரு உபுன்டு விஎம், அதுல மினிநெட் (ஒரே மெஷினுக்குள்ள ஸ்விட்ச், ஹோஸ்ட், லிங்க் எல்லாம் போலியா உருவாக்குற டூல்), கூடவே ஒரு கன்ட்ரோலர். ரியூ கத்துக்க எளிசு, ஆனா இப்போ அதுல வேலை பெரிசா நடக்கல, ஓபன்ஸ்டாக்காரங்க அதுல இருந்து பிரிச்ச ஓஎஸ்-கென்னதான் பராமரிக்கிறாங்க. கிளஸ்டர் சோதனைக்கு ஓனோஸ் எடுங்க. மினிநெட் உள்ள ஸ்விட்ச்சா ஓடுறது ஓபன் விஸ்விட்ச், நெஜ டேட்டா சென்டர்லயும் அதே சாஃப்ட்வேர் ஓடுறதால கத்துக்கறது வீணாகாது.

அளக்குற முறை எளிசு. மினிநெட்ல இருக்க எச்1ன்ற ஹோஸ்ட்ல இருந்து எச்2வுக்கு 10 மில்லிசெகண்டுக்கு ஒரு பிங் விடுங்க, நடுவுல எதையாவது ஒடைங்க, எத்தன பிங் தொலைஞ்சுதுன்னு எண்ணி 10ஆல பெருக்குங்க. 37 தொலைஞ்சா சுமார் 370 மில்லிசெகண்ட் அவுட்டேஜ். இன்னும் துல்லியமா வேணும்னா ஐபெர்ஃப்3ன்ற டிராஃபிக் அளக்குற டூல்ல யுடிபி விட்டுப் பாருங்க. டெலிகாம் உலகத்துல எஸ்டிஎச்ன்ற பழைய ஃபைபர் தொழில்நுட்பக் காலத்துல இருந்து வர்ற அளவுகோல் 50 மில்லிசெகண்ட், அதுக்குள்ள வேற வழிக்கு மாறிடணும். உங்க அப்ளிகேஷனுக்கு அவ்ளோ கெடுபிடி தேவையான்னு மொதல்ல கேட்டுக்கோங்க, மெயில் சர்வருக்கு ரெண்டு செகண்ட் ஒண்ணுமே இல்ல.

இப்போ கன்ட்ரோலர கொல்லுங்க, ஆனா ரெண்டு விதமா கொல்லுங்க. கில் மைனஸ் 9 போட்டா ப்ராசஸ் செத்துடும், கெர்னல் அந்த டிசிபி கனெக்‌ஷன மூடிடும், ஸ்விட்ச்சுக்கு உடனே தெரிஞ்சுடும். ஆனா நெஜத்துல கன்ட்ரோலர் அப்படி மரியாதையா சொல்லிட்டு சாகாது, மெமரி நெரம்பி தொங்கும், ஜாவா கார்பேஜ் கலெக்‌ஷன்ல உறையும். அத நடிச்சுக் காட்ட ப்ராசஸ்ஸ நிறுத்தி வெக்கிற சிக்ஸ்டாப் (SIGSTOP) சிக்னல் அனுப்புங்க. ப்ராசஸ் உறைஞ்சு போய் நிக்கும், டிசிபி உயிரோட இருக்கும், ஸ்விட்ச் நம்ம கன்ட்ரோலர் இருக்காருன்னு நெனச்சிட்டே இருக்கும். ஓபன் விஸ்விட்ச் டீஃபால்ட்டா 5 செகண்ட் சத்தம் இல்லேன்னாதான் எக்கோ (இருக்கியான்னு கேக்குற மெசேஜ்) அனுப்பிப் பாக்கும், அதுக்கும் பதில் வரலேன்னாதான் கனெக்‌ஷன உதறும். அந்த இடைவெளில வர்ற புது ஃப்ளோ எல்லாம் அம்போதான். இந்த ரெண்டு சாவுக்கும் நடுவுல இருக்க வித்தியாசத்த பக்கத்துல பக்கத்துல எழுதி வைங்க, விற்க வர்றவங்க டெமோல எப்பவும் மொத விதத்தத்தான் காட்டுவாங்க.

கன்ட்ரோலர் போன பிறகு ஸ்விட்ச் என்ன பண்ணும்ன்றது ஃபெயில் மோட் செட்டிங்ல இருக்கு. செக்யூர்னா இருக்கற ஃப்ளோவ வெச்சுக்கிட்டு புதுசுக்கு வழிவிடாது. ஸ்டாண்ட்அலோன்னா அந்த 5 செகண்ட் மாதிரி மூணு பங்கு நேரம் காத்திருந்துட்டு சாதாரண மேக் லேர்னிங் ஸ்விட்ச்சா மாறிடும். ஓபன் விஸ்விட்ச்ல ஒண்ணும் செட் பண்ணலேன்னா ஸ்டாண்ட்அலோன்தான், ஆனா மினிநெட் அதுவா செக்யூர்னு செட் பண்ணிடும். லேப்ல ஒரு மாதிரியும் ப்ரொடக்‌ஷன்ல வேற மாதிரியும் நடக்குதுன்னு மண்டைய ஒடைச்சுக்காதீங்க, மொதல்ல இந்த செட்டிங்க ரெண்டு பக்கமும் பாருங்க. ஸ்டாண்ட்அலோன் கேக்க நல்லாருக்கும், ஆனா உங்க டோப்பாலஜில வட்டம் இருந்து, அத வெட்டி விடுற எஸ்டிபி ஓடலேன்னா பிராட்காஸ்ட் சுத்திச் சுத்தி மொத்த நெட்வொர்க்கும் படுத்துடும். செக்யூரிட்டி பாலிசிய ஃப்ளோவா எழுதி வெச்சிருந்தா அதுவும் அந்த நேரத்துல காணாமப் போயிடும், வங்கி மாதிரி இடத்துல அதுக்கு ஒத்துக்கவே மாட்டாங்க.

அடுத்தது லிங்க். மினிநெட்ல லிங்க் எஸ்1 எஸ்2 டவுன்னு கொடுத்தா போர்ட் டவுன் ஆயிடும், ஸ்விட்ச் உடனே கன்ட்ரோலருக்கு சொல்லிடும், மீட்பு நேரம் ரொம்ப அழகா வரும். அதோட விட்டுடாதீங்க. அதே இன்டர்ஃபேஸ்ல டிசி நெட்எம் (வேணும்னே பேக்கெட்ட தொலைக்கிற லினக்ஸ் கமாண்ட்) போட்டு 100 சதவீதம் லாஸ் கொடுத்துப் பாருங்க, போர்ட் பச்சையா இருக்கும், ஒரு பேக்கெட்கூட போகாது. கன்ட்ரோலருக்கு இது, லிங்க் இருக்கான்னு பாக்க அது அனுப்புற எல்எல்டிபி பேக்கெட் வராம போய், அதோட கெடு முடிஞ்ச பிறகுதான் தெரியும், சில செகண்ட் ஆகும். அப்புறம் 100க்கு பதிலா 5 சதவீதம் லாஸ் கொடுங்க, பெரும்பாலும் கன்ட்ரோலர் கண்டுபிடிக்கவே கண்டுபிடிக்காது, யூசர் மட்டும் அவஸ்தைப் படுவாரு. மழைக்காலத்துல ஜாயின்ட் பாக்ஸ்ல தண்ணி போன ஃபைபர் நடந்துக்கறது இப்படித்தான்.

இதுக்குத் தீர்வு கன்ட்ரோலர நம்பாம ஸ்விட்ச்சே முடிவெடுக்கறது. ஓபன்ஃப்ளோ 1.1ல வந்த ஃபாஸ்ட் ஃபெயில்ஓவர் குரூப்ல மாத்து வழிய முன்னாடியே எழுதி வெச்சுடலாம், முதல் போர்ட் போச்சுன்னா ஸ்விட்ச் யாரையும் கேக்காம ரெண்டாவதுக்கு மாறும். கூடவே ரெண்டு முனையும் அடிக்கடி சின்ன பேக்கெட் அனுப்பி லிங்க் உயிரோட இருக்கான்னு பாக்குற பிஎஃப்டி போட்டா, போர்ட் பச்சையா இருந்து பேக்கெட் போகாத நிலைமையும் புடிபடும். இது இல்லாமலும் இதோடவும் அதே பிங் சோதனைய ஓட்டி ரெண்டு நம்பரையும் எடுங்க.

கிளஸ்டருக்கு, லீடர் நோட மட்டும் கொன்னு பாருங்க, அப்புறம் ஐபிடேபிள்ஸ்ல (லினக்ஸ் ஃபயர்வால்) ரெண்டு நோடுக்கு நடுவுல மட்டும் வழிய அடைங்க, மூணாவது நோடு ரெண்டு பேரையும் பாக்குற மாதிரி. இந்தப் பாதி ஒடைஞ்ச நிலைமைதான் ராஃப்ட்ட படுத்தி எடுக்கும். 2020 நவம்பர்ல கிளவுட்ஃபிளேர்ல ஒரு ஸ்விட்ச் முழுசா சாகாம அரைகுறையா கெட்டுப்போய், ராஃப்ட்ல ஓடுற எட்சிடின்ற டேட்டாபேஸ் கிளஸ்டர் ஆட்டங்கண்டு, ஏபிஐயும் டாஷ்போர்டும் ஆறு மணி நேரத்துக்கு மேல தடுமாறுனது அவங்களே விலாவாரியா எழுதி வெளியிட்டது.

செத்த கன்ட்ரோலர் திரும்பி வர்ற நிமிஷத்தையும் அளக்க மறக்காதீங்க. சில ஆப் எழுந்ததும் ஸ்விட்ச்ல இருக்க எல்லா ஃப்ளோவையும் அழிச்சுட்டு புதுசா எழுதும், நல்லா ஓடிட்டிருந்த டிராஃபிக் அப்போதான் அறுபடும். எல்லா ஸ்விட்ச்சும் ஒரே நேரத்துல வந்து கனெக்ட் ஆகும்போது கன்ட்ரோலர் மூச்சு முட்டி மறுபடி விழுறதும் உண்டு. நெஜ ஸ்விட்ச்ல ஃப்ளோவ வெக்கிற டிசிஏஎம் மெமரியும் கம்மி, ஃப்ளோ டேபிள் நெரம்புனா என்ன ஆகுதுன்னு நெரப்பியே பாருங்க.

ஒவ்வொரு சோதனையையும் ஒரு தடவ பண்ணிட்டு நம்பர் எழுதிடாதீங்க. ஒரு முப்பது தடவையாவது ஸ்கிரிப்ட் போட்டு ஓட்டுங்க, சராசரியோட மோசமான நம்பரையும் எழுதுங்க. சராசரி 400 மில்லிசெகண்ட், மோசமானது 12 செகண்ட்னா நீங்க தேட வேண்டிய பக் அந்த 12 செகண்ட்லதான் ஒளிஞ்சிருக்கு.

அஞ்சாவது படி: டிக்கெட்டுல இருந்து நெஜ நம்பர்

லேப் மீட்பு நேரத்தச் சொல்லும், எவ்ளோ அடிக்கடி விழுதுன்னு சொல்லாது. அது உங்க டிக்கெட் சிஸ்டத்துல இருக்கு. கடைசி ஒரு வருஷ டிக்கெட்ட எடுத்து ஒவ்வொண்ணுக்கும் எப்போ விழுந்துச்சு, எப்போ நமக்குத் தெரிஞ்சுது, எப்போ காரணம் புரிஞ்சுது, எப்போ சரியாச்சுன்னு நாலு நேரத்த பிரிச்சு எழுதுங்க. நெறைய இடத்துல ரிப்பேருக்கு ஆகுற நேரம் கம்மி, தெரிய வர்ற நேரம்தான் அதிகம், அங்க புது ஸ்விட்ச் வாங்குறத விட மானிட்டரிங்க ஒழுங்கு பண்றது லாபம். காரணத்த ஹார்ட்வேர், ஃபைபர், பவர், சாஃப்ட்வேர், நம்ம ஆளுங்க பண்ண மாத்தம்னு அஞ்சா பிரிங்க, கடைசி ரகத்த யாரையும் குத்தம் சொல்லாம உண்மையா எழுதுற பழக்கம் டீம்ல இருந்தாதான் கணக்கு நேர்மையா வரும்.

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தனியா கணக்கு போடுங்க. 2015 வெள்ளம், 2016 டிசம்பர் 12 வர்தா, 2023 டிசம்பர் மிக்ஜாம்னு இந்த ஊருல பெரிய அடி எல்லாம் அந்த மாசங்கள்லதான் வருது. வேளச்சேரி, பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் தண்ணி நின்னா ஃபீல்ட் டீம் போகவே முடியாது, மத்த மாசத்துல நாலு மணி நேரத்துல முடியுற ரிப்பேர் அப்போ நாள் கணக்குல இழுக்கும், அதே நேரத்துல கரண்ட்டும் போயிருக்கும், ஜெனரேட்டருக்கு டீசல் வண்டியும் வர முடியாது. எம்டிடிஆர வருஷ சராசரியா போட்டா இதெல்லாம் கரைஞ்சு காணாமப் போயிடும். ரெண்டு கன்ட்ரோலர் நோடும் ஒரே தாழ்வான ஏரியால இருந்தா அது பொதுக் காரணம், மூணாவது படிக்குத் திரும்பிப் போய் கணக்க மாத்துங்க.

பிராஞ்ச் வாரியா பாக்கறதும் முக்கியம். 40 பிராஞ்ச், 30 நாள் மாசம், கோர் கால் மணி நேரம் போச்சு, ஒரு பிராஞ்ச் மட்டும் கூடுதலா 6 மணி நேரம் போச்சு. மொத்தமா சேத்துப் பாத்தா 99.94, மேனேஜர் சந்தோஷப்படுவாரு. அந்த ஒரு பிராஞ்சுக்கு அது 99.13. அங்க கவுன்டர்ல க்யூ நின்ன ஜனங்களுக்கு 99.94 ஒரு பொருட்டே இல்ல, அதனால மொத்த நம்பருக்குக் கீழ மோசமான பிராஞ்ச் நம்பரும் கண்டிப்பா வரணும்.

ரிப்போர்ட் எழுதும்போது

ரெண்டு பக்கம் போதும். மேல மூணு நம்பர், ஓடுற டிராஃபிக்குக்கு ஒண்ணு, புது ஃப்ளோவுக்கு ஒண்ணு, மாத்தம் பண்ற திறனுக்கு ஒண்ணு, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல எவ்ளோ நாளைக்கு ஒரு தடவ விழுதுன்னும் போடுங்க. கீழ கன்ட்ரோலர் இல்லாம எவ்ளோ நேரம் தாங்கும், லிங்க் போனா மீட்பு சராசரி எவ்ளோ, மோசமானது எவ்ளோ. அப்புறம் நீங்க வெச்ச அனுமானங்கள வெளிப்படையா எழுதுங்க, ரெண்டு ஃபைபரும் தனித்தனி வழின்னு நேர்ல பாத்தோமா இல்ல ஐஎஸ்பி சொன்னத நம்புனோமான்றது உட்பட. எந்த நம்பர் அளந்தது, எந்த நம்பர் வெண்டார் டேட்டாஷீட்ல இருந்து எடுத்ததுன்னு வேற கலர்ல காட்டுங்க.

தேதியும் கன்ட்ரோலர் வெர்ஷனும் மொத பக்கத்துலயே இருக்கட்டும். கன்ட்ரோலர் அப்கிரேட் ஆனாலோ, ஸ்விட்ச் ஃபர்ம்வேர் மாறுனாலோ, ஃபைபர் ரூட் மாறுனாலோ அந்த ரிப்போர்ட் செல்லாது, நாலாவது படி ஸ்கிரிப்ட்ட மறுபடி ஓட்டணும். செப்டம்பர் கடைசில, மழை தொடங்குறதுக்கு முன்னாடி, ஒரு தடவ எப்படியும் ஓட்டிடுங்க, சிக்ஸ்டாப் சோதனையில இருந்து ஆரம்பிங்க.